சாக்லேட் உறையில் உங்கள் முன்பல்

சம்மந்தி அவர்களுக்கு,

இந்தச் சாக்லேட் உறை என் முன்னால் கிடக்கிறது. போன வாரம் மாப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்தார். உறையின் மேல் நீங்கள். தோளில் துண்டு, கையில் மஞ்சள் கோகோ காய், வாய் கொள்ளாத சிரிப்பு. எல்லாம் சரி, உங்களுக்கு முன்பல் முளைத்திருக்கிறது! தென்னை மட்டை விழுந்து போன பல் அது. உயிரோடு இருந்தவரை கட்டிக்கொள்ள மாட்டேன் என்றீர்கள். செத்த பிறகு கம்பெனிக்காரன் கம்ப்யூட்டரில் கட்டிவிட்டான்.

"நல்லாருக்குதில்ல மாமா?" என்றார் மாப்பிள்ளை.

பெண் கொடுத்தவன் நான். "நல்லாருக்குதுங்க" என்பதைத் தவிர மாப்பிள்ளைக்குச் சொல்ல எனக்கு வேறு பதில் தெரியாது. அவர் எதிரில் நான் இன்றுவரை கால்மேல் கால் போட்டதில்லை. ஆகவே வந்த கோபத்தையெல்லாம் மூட்டை கட்டி உங்களுக்கு அனுப்புகிறேன். அவரைப் பெற்றவர் நீங்கள்தானே, வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் வியாபாரி டெம்போவோடு நம் தோப்புக்கே வருவான். பாக்கு மரத்து நிழலில் கோகோ காயை உடைத்து ஈர விதையை அள்ளிக் கொடுப்போம். தராசு அவனுடையது, விலை அவன் வாயில் வருவது. மழை பெய்தால் "கறுத்துப் போச்சு" என்பான், வெயில் அடித்தால் "வத்திப் போச்சு" என்பான். உடைத்த விதை மறுநாள் வரை தாங்காது என்பது நம்மைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள்தான் அடிவாரத்துத் தோப்புக்காரர்களையும் மலைச்சரிவு சனங்களையும் ஒரே கொட்டகையில் உட்கார வைத்துச் சங்கம் ஆரம்பித்தீர்கள். நாமே புளிக்க வைத்து, நாமே காய வைத்து, நியாய வணிகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவர்களுக்கு விற்கலாம் என்றீர்கள். வணிகத்தில் நியாயமா, சம்மந்திக்கு மட்டை தலையிலும் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நினைத்தாலும் வந்தேன். வந்த லட்சணத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விதையை மோட்டார் தொட்டியில் போட்டு, வெள்ளைச் சதை போகும்வரை தேய்த்துக் கழுவி, முத்து மாதிரி சுமந்துகொண்டு வந்து இறக்கினேன்.

"இன்னா சம்மந்தி இது?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னு கழுவிக்கினு வந்தேங்க."

"அந்தச் சதை இருந்தாத்தான் புளிக்கும். நீங்க இன்னான்னா பொண்ணு பாக்க வர்றாங்கன்ற மாதிரி குளிப்பாட்டிக்கினு வந்துருக்கீங்க!"

கொட்டகையே சிரித்தது. பத்தாவதில் கோட்டை விட்டபோதுகூட எனக்கு அப்படி மானம் போகவில்லை. என் மூட்டை மட்டும் ஓரத்தில் சில்லென்று கிடந்தது. பக்கத்தில் மரப்பெட்டிக்குள் மற்றவர்களின் விதை வாழை இலைக்கு அடியில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் என் விதையை அதன் நடுவில் கொட்டிக் கிளறினீர்கள். "கொஞ்சமா தனியா கெடந்தா சூடேறாது சம்மந்தி. நெறைய ஒண்ணா கெடக்கணும்" என்றீர்கள். அன்று முதல் அதுதான் சங்கத்தின் வழக்கம். யார் தோப்பு, யார் கொல்லை என்ற பேச்சே இல்லை, எல்லாம் பெரிய பெட்டிக்குள்.

அந்தப் பெட்டியை நம்பித்தான் சின்னப்பொண்ணு மலையிலிருந்து இறங்கி வந்தாள். வீட்டுக்குப் பின்னால் நாலைந்து மரம் அவளுக்கு. விதையை மூடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட்டில் அடைத்து, வெள்ளிமலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஒழுகுகிறது என்று கண்டக்டர் கத்துவான். "உன் மேலயா ஒழுவுது?" என்பாள். ஒரு பக்கெட் விதையை வீட்டில் வைத்தால் பூஞ்சைதான் பிடிக்கும். பெரிய பெட்டிக்குள் விழுந்தால் நம் விதைக்கு என்ன விலையோ அதே விலை அவளுக்கும்.

வாங்குகிறவர்கள் விலைக்கு மேலே ஊர் நன்மைக்கென்று தனியாக ஒரு பங்கு தந்தார்களே, அதை என்ன செய்வதென்று கூடிய கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? சங்க வாசலில் அலங்கார வளைவு கட்டலாம் என்றேன் நான். ஓரத்தில் என் பேரும் வருமே என்ற நப்பாசை. "வளைவுக்குள்ள பிரசவம் பாக்க முடியுமா சம்மந்தி?" என்று கேட்டீர்கள். ஜீப் வாங்கினோம். சின்னப்பொண்ணின் மருமகளை வலியோடு மலையிலிருந்து இறக்கி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தது அந்த ஜீப்தான். குழந்தைக்கு என் பேரை வைக்கச் சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வருஷம் ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழுந்திருக்கவில்லை. செத்ததுதான் செத்தீர்கள், மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செத்திருக்கக் கூடாதா?

விஷயம் இதுதான். பெரிய தோப்புகளின் விதையைத் தனிப் பெட்டியில் போட்டுக் கொடுங்கள், தோப்புக்காரர் பேரையும் படத்தையும் போட்டு விற்கிறோம், விலையும் ஜாஸ்தி தருகிறோம் என்கிறது ஒரு புதுக் கம்பெனி. முதல் படம் உங்களுடையது. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய தோப்புகள் விலகிவிட்டால் மலையிலிருந்து வருகிற பக்கெட்டுகள் அத்தனையும் சேர்ந்தாலும் பெட்டியின் அடிதான் மூடும். பழைய வியாபாரிக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, அவன் டெம்போ இப்போதே வெள்ளிமலையில் சுற்றுகிறதாம்.

நேற்று காய் உடைத்த கையோடு கொட்டகையில் கூட்டம் போட்டார் மாப்பிள்ளை.

"யாரையும் வெளிய போவச் சொல்லலீங்க. அவங்க பெட்டி அவங்களுக்கு, நம்ம பெட்டி நமக்கு. அவ்ளோதான்."

சின்னப்பொண்ணு பக்கெட்டை மடியிலிருந்து இறக்கவே இல்லை. "எங்க பெட்டி எப்பிடி சூடேறும் தம்பி? அடியில அடுப்பு வெச்சித் தருவியா?" என்றாள். சிலர் சிரித்தார்கள். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"மாமா, நீங்க சொல்லுங்க. உங்க தோப்பும் சேந்தாத்தான் நம்ம பெட்டி ரொம்பும்."

எழுந்து நின்றேன். வழக்கம்போல "சரிங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரே சுவரில் இந்த உறையை ஒட்டி வைத்திருந்தார்கள்.

"மாப்ள, உங்க அப்பாவுக்குப் பல்லு ஒட்டியிருக்கானே, அவன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"இப்ப அதுவா மாமா பேச்சு?"

"அதாங்க பேச்சு! எந்த மனுசன் எல்லார் வெதையையும் ஒண்ணா கொட்டுனாரோ, அவரு மூஞ்சியப் போட்டே பிரிக்கப் பாக்கறான். நீங்களும் பல்லக் காட்டிக்கினு நிக்கறீங்க!"

சொல்லிவிட்டேன் சம்மந்தி. மாப்பிள்ளையைப் பார்த்து, ஊர் பார்க்க. என் விதை மூட்டையைத் தூக்கினேன், பெரிய பெட்டியில் கொட்டினேன். சின்னப்பொண்ணின் பக்கெட்டையும் வாங்கி அதன்மேலேயே கவிழ்த்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, அந்த வேகத்தில் அது தெரியவில்லை.

"பொண்ணு குடுத்தவராச்சேன்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை பைக்கை உதைத்துக்கொண்டு போனார். அவரோடு நின்ற மற்ற தோப்புக்காரர்கள் அடுத்த அறுப்புக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விதையைப் பெரிய பெட்டியிலேயே கொட்டினார்கள். மனம் மாறிக் கொட்டியதாக நினைத்துவிடாதீர்கள். உடைத்த விதை மறுநாள் வரை தாங்காது. கம்பெனிக்காரன் அடுத்த அறுப்புக்கும் வருவான்.

காலையில் மகள் போன் செய்தாள். "இவரு சாப்புடாம படுத்துக்கினு இருக்காரு. உனக்கு எந்த வயசுலப்பா வீரம் வருது?" என்றாள். போனை வைத்துவிட்டாள். பொங்கல் நெருங்குகிறது. சீர்த் தட்டோடு உங்கள் வீட்டு வாசலில் நான் நிற்க வேண்டும். கதவு திறக்குமா என்று தெரியவில்லை. நீங்கள் இருந்தால் உள்ளேயிருந்தே "வாங்க சம்மந்தி, மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டுக்கினு வர்றீங்க?" என்று கத்தியிருப்பீர்கள்.

சற்று முன் பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, படத்தில் அந்தப் பல்லை மட்டும் அழுத்திக் கறுப்பாக்கினேன். இப்போதுதான் பார்க்க உங்களைப் போல இருக்கிறது. சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். சீர்த் தட்டில் கரும்புக்கும் வெல்லத்துக்கும் நடுவில் இதையும் வைத்துத்தான் உங்கள் மகனிடம் நீட்டப் போகிறேன். கோபம் அப்போதும் தீராவிட்டால் இன்னொரு தடவை கத்துவேன், இப்போது கொஞ்சம் பழகிவிட்டது.

கொட்டகைக்குப் போய்ப் பெட்டியில் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சோப்பு போட்டும் புளித்த வாடை போகவில்லை. சூடு ஏறத் தொடங்கிவிட்டது, சம்மந்தி.