அதை விடு

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? மாமாவின் இருமல் நின்றதா? நாங்கள் நலம். உங்கள் மகனின் வலது கையில் மட்டும் ஒரு கட்டு.

பயப்படாதீர்கள். முதலாளியின் பாய்மரப் படகைக் கரையோரமாகவே ஓட்டி, அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் நான் உங்கள் மகனிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். படகைக் கட்டும்போதும் விடவில்லை. அவர் பின்பக்கம் குனிந்து, படகுக்கும் துறைமுகச் சுவருக்கும் நடுவே ரப்பர் மிதவையைத் திணித்துக்கொண்டிருந்தார். முன்கயிறு என் கையில்.

"எப்பதாங்க ஊருக்குப் போறது?"

"அதை விடு."

கயிற்றை விட்டுவிட்டேன். காற்று படகைச் சுழற்றியது. சுவரில் அவருடைய இரண்டு விரல்கள் நசுங்கின.

"எதை விடச் சொன்னா எதை விடுறே!" என்று வலியிலும் சிரித்தார். மருத்துவரிடம் கயிறு நழுவியதாகச் சொன்னார். அதன் பிறகு அதிகம் பேசுவதில்லை. விரல்கள் மடங்குமா என்று மருத்துவருக்கே தெரியவில்லை. மடங்காவிட்டால் இந்த வேலை போய்விடும். ஊருக்குத்தான் வர வேண்டும்.

அவருடைய பழைய டி-சர்ட்டுகளைத் துறைமுக அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். ஒரு கையால் சட்டை போட முடியவில்லை. நான் பொத்தான் மாட்டும்போது தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இருவர் நிற்கவே இடம் போதாத படகு அறை இது. பக்கத்து வீட்டுச் சண்டையையாவது விவரமாக எழுதுங்கள்.

இன்னொன்று, அத்தை. அவர் எதை விடச் சொன்னார் என்று எனக்கு அப்போதே நன்றாகப் புரிந்தது.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். திட்டுவதென்றாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

உங்கள் மருமகள்