ஆப்பிரிக்காவில் ஆடும் மகளுக்கு

வேலந்தாவளம்,
9.9.1976

அன்பு மகள் ருக்குமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி அப்புசாமியும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி என்று கேட்கவே இந்தத் தடவை பயமாக இருக்கிறது.

உன் கடிதமும் படமும் திங்கட்கிழமை வந்தன. பிரசவத்துக்குப் பிறகு உடம்பு பெருத்துவிட்டது, படியேறினால் மூச்சு வாங்கியது, அதனால் பக்கத்து வீட்டு முத்தாலேயிடம் அந்த ஊர் ஆட்டம் கற்றுக்கொள்கிறேன், இப்போது உடம்பு லேசாகிவிட்டது, அக்டோபர் இருபத்து நாலாம் தேதி ஜாம்பியாவின் சுதந்திர தினத்துக்கு மைதானத்தில் ஆடப் போகிறோம் என்றெல்லாம் எழுதியிருந்தாய். நான் மூச்சு வாங்கியது என்ற வரியிலேயே நின்றுவிட்டேன். படத்தில் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டி, முழங்காலை மடக்கி, வாய்விட்டுச் சிரிக்கிறாய். அப்பா இரண்டு தரம் பார்த்தார், நம்ம புள்ளையா இது என்று கேட்டுவிட்டுக் கடலைக் காட்டுக்குப் போய்விட்டார். உன் மாமியாருக்கும் மாப்பிள்ளை ஒரு படம் அனுப்பியிருக்கிறார் போல, மறுநாளே வந்து, ஏனுங்க, வாத்தியார் பொண்டாட்டி நாலு பேர் முன்னால ஆடலாமுங்களா என்று கேட்டார். உங்க மகன்தானுங்களே படம் புடிச்சிருக்கார் என்றேன், காப்பி குடித்துவிட்டுப் போனார். அந்தக் கவலை எனக்கில்லை அம்மிணி, உன் நெஞ்சைப் பற்றித்தான் கவலை.

ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து முழங்கால் இரண்டும் வீங்கி நீ நடக்க முடியாமல் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். கோயமுத்தூர் டாக்டர் நெஞ்சிலும் தொட்டிருக்கிறது, ஓடவிடாதீர்கள் என்று சொல்லி மாதம் ஒரு ஊசி போட்டார். அன்றிலிருந்து உன்னை உட்கார வைத்தேன். மாரியம்மன் நோன்பில் ஒருமுறை நீ கும்மிக்குள் ஓடிவிட்டாய், எல்லோர் முன்னாலும் கையைப் பிடித்து இழுத்து வந்தேன், நீ அழக்கூட இல்லை.

நேற்று பஸ் ஏறி சித்தூரில் சிசிலி டாக்டரிடம் படத்தைக் காட்டி, இவள் ஆடலாமா என்று கேட்டேன். கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்டார். அழுதுகொண்டே சொன்னேன், உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பதிமூன்று வயதில் கோயமுத்தூர் டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, இனி ஓடட்டும், ஆடட்டும் என்றார். நீ தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தாய். உன்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. உனக்கு மூத்தவனையும் பயமில்லை என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள், மூன்றாம் நாள் போய்விட்டான். அதனால் அந்த வார்த்தையை நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. கல்யாணம் வரை ஒன்பது வருஷம், ஒரு குறையும் இல்லாத பிள்ளையை நோயாளி மாதிரி உட்கார வைத்தேன்.

டாக்டர் திட்டவில்லை. பேடிக்கண்டா, பயம் வேண்டாம், அங்க ஒருக்கா நெஞ்சு பார்த்திட்டு நல்லா ஆடட்டும் என்று தன் மலையாளத் தமிழில் சொன்னார். எனக்கு இன்னமும் பயம் போகவில்லை. ஆனாலும் இந்தத் தடவை ஆடாதே என்று எழுத மாட்டேன். இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போ, சிறுவயதுக் காய்ச்சலை மறைக்காமல் சொல், அவர்கள் சொன்னதை அப்படியே எழுது. என்மேல் கோபம் வந்தால் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஆடி முடித்த சூட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காதே. குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் விசாரிப்பு. மாரியம்மன் உன் கூடவே இருப்பாள். அங்கே எத்தனை மணிக்கு ஆட்டம் என்று மறக்காமல் எழுது, அப்போது இங்கே மணி என்ன என்று அப்புசாமியிடம் கேட்டு வைத்துக்கொள்கிறேன், அந்த நேரம் முழுக்க நான் வேறு வேலை எதையும் தொட மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னை உட்கார வைத்த அம்மா
முத்தாத்தாள்