கூண்டு ஏறாத மாதம்

1927 மே 29
ரங்கூனிலிருந்து எல்சியின் அப்பா எழுதியிருக்கிறார். நவம்பர் கடைசியில் ஆகமன காலம் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்னால் நான் அங்கே வந்து தாலி கட்ட வேண்டும். தவறினால், தந்தி ஆபீசில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருக்கிறானாம்.

எல்சி காசிமேட்டில் இருந்த காலத்திலிருந்து வேறு பெண்ணை நான் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இந்தத் தந்தி ஆபீஸ்காரன் எங்கிருந்து முளைத்தான்?

ஜூனில் கிளம்பலாம். இங்கே கடல் குளம் மாதிரி கிடக்கிறது.

ஜூன் 11
டிக்கெட் வாங்கப் போனேன். கப்பல் கம்பெனிக்காரர் சிரித்தார். ரங்கூனில் இப்போதுதான் மழை பிடிக்குமாம், அக்டோபர் வரை விடாதாம். நடுக்கடலில் கப்பல் தொட்டிலாட்டம் ஆடுமாம். திரும்பிவிட்டேன். பயமில்லை — முன்யோசனை.

அம்மா கேட்டாள்: "ஹார்பர்ல குமாஸ்தா வேல. கப்பல்ல ஏற பயம். வெளிய சொன்னா மானம் பூடும்டா சவரி."

பால் விற்கிறவனெல்லாம் மாட்டின் மேலா ஏறி உட்காருகிறான்?

ஆகஸ்ட் 21
பழகிக்கொள்ளலாம் என்று கூட்டாளி சிலுவைமுத்து தன் கட்டுமரத்தில் ஏற்றினான். முதல் அலைக்கு முன்பே வாந்தி. "இன்னா மாமு, இன்னும் கரைய வுட்டே கிளம்பல" என்றான். கரையில் மீன்காரிகள் எல்லாரும் பார்த்தார்கள்.

அக்டோபர் 16
ரங்கூனில் மழை விட்டதாம். இங்கே துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் நேரே அதுதான் தெரிகிறது.

சிலுவைமுத்து: "அங்க வுட்டா இங்க புடிக்குது, இங்க வுட்டா அங்க புடிக்குது. உனுக்குக் கண்ணாலம் ஆனாப்புலதான்."

அக்டோபர் 25
கூண்டு இறங்கியது. டிக்கெட் வாங்கக் குடை எடுத்தேன். மறுபடி ஏறியது.

அக்டோபர் 30
அம்மா விரல்விட்டு எண்ணினாள். "கோயில்ல மூணு ஞாயிறு கல்யாண ஓலை படிக்கணும். இனி எப்படா போவ? நீஞ்சிகினு போறியா?"

எனக்குத் தெரியாதா? எல்சி இல்லாவிட்டால் எனக்கு என்ன இருக்கு? ஒரு கூண்டைப் பார்த்துப் பார்த்தே அவளை வுட்டுட்டேனே. நான் ஒரு ஆம்பளையா?

நவம்பர் 3
கொட்டுகிற மழை. ரங்கூன் கப்பல் வந்தது. அதிலிருந்து எல்சி இறங்கினாள். கூடவே அவள் அண்ணன் லூயிஸ், வாந்தியெடுத்து முகமெல்லாம் வெளிறி.

"நீங்க வானத்தப் பாத்துகினே இருந்தா எனுக்கு நரச்சிடும். நானே வந்துட்டேன்" என்றாள். வழியெல்லாம் புயலாம். இவளுக்குப் பசி மட்டும்தானாம். அப்பா ஒரு நிபந்தனை வைத்து அனுப்பியிருக்கிறார்: கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ளை ரங்கூனில் இருக்க வேண்டும்.

எதையும் யோசிக்காமல் சரி என்றுவிட்டேன்.

நவம்பர் 6
முதல் ஓலை. சாமியார் என் பேரைப் படித்தபோது பின்வரிசையில் சிலுவைமுத்து இருமினான்.

நவம்பர் 23
கல்யாணம். கோயில் ஒழுகியது. சந்தோஷமாக இருக்கிறேன்.

டிசம்பர் 7
காலையில் ரங்கூன் கப்பல். எல்சி பெட்டி கட்டிவிட்டாள். "இன்னாங்க, இன்னிக்கு கூண்டு பாக்கலியா?" என்று கேட்டாள்.

பார்த்தேன். ஏறித்தான் இருக்கிறது.

"அதெல்லாம் இப்ப பாக்குறதில்ல" என்றேன்.

எலுமிச்சம்பழம் மட்டும் சட்டைப்பையில் இருக்கட்டும்.