கூட வசிக்கிறார்களா?

தென்னூர், திருச்சி
9-8-1963

அன்புள்ள ரெங்கம்மாளுக்கு,

நான் சுகம். குழந்தைக்கு இருமல் நின்றதா?

இனி எங்கள் மில் தொழிலாளர்களின் குடும்பத்துக்கும் ஈ.எஸ்.ஐ.யில் வைத்தியம் உண்டு. எல்லாருடைய குடும்ப விவரத்தையும் பாரத்தில் எழுதி சர்க்காருக்கு அனுப்புவது என் வேலை.

பாய்லர் வெள்ளைச்சாமியிடம், "சம்சாரம் கூட இருக்காங்களா?" என்று கேட்டேன். அவர் மனைவி காளியாயி கோபித்துக்கொண்டு மண்ணச்சநல்லூரில் தாய்வீட்டுக்குப் போய் ஒரு வருஷமாகிறது. "இல்லைன்னு எழுதட்டுமா?" என்றதும் அவர் முகம் சுண்டிவிட்டது.

"ஒரு நாள் பொறுங்க சார்" என்றவர், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மண்ணச்சநல்லூர் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை இருவரும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். "இப்ப எழுதுங்க சார்" என்றார்.

"பாரத்துக்காக வரலை. இவரே வந்து கூப்பிட்டாரு, அதான் வந்தேன். அதையும் எழுதிக்குங்க" என்றாள் காளியாயி. ஆபீஸே சிரித்தது.

கடைசியாக என் பாரத்தை எடுத்தேன். மனைவி கூட வசிக்கிறாரா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதக் கை வரவில்லை. 'ஆம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

சமையலறையோடு ஒரு வீடு பார்த்திருக்கிறேன், குழாய் பக்கத்திலேயே. அரிவாள்மணையும் நாரத்தங்காய் ஊறுகாயும் எடுத்துக்கொள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. சர்க்காருக்கு நான் எழுதியது பொய்யாகிவிடக் கூடாது, சீக்கிரம் புறப்பட்டு வா.

உன்
ரத்தினவேல்