இடது பக்கத்து பாக்ஸ்

அரியூர் நாடு
6.1.2025

அன்பு அருணாவுக்கு,

ராசு எழுதுவது. நான் நலம். மிளகு பறிப்பு ஆரம்பித்தாயிற்று. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுவதால் தபாலில் எழுதுகிறேன். தபாலில் நான் கத்தினாலும் உனக்குக் கேட்காது.

ராசு சவுண்ட் சர்வீஸின் மானம் கப்பலேறிவிட்டது. கல்யாண வீட்டுப் பென்டிரைவ் எல்லாம் வைரஸ் என்று கம்ப்யூட்டரில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாயே, அது இப்போது இடது பக்கம் பாடமாட்டேன் என்கிறது. ஹெட்போனை மாட்டினால் வலது காதில் மேளம் இடிக்கிறது. இடது காதில் ஒன்றுமே இல்லை.

பொன்னாயி அக்கா பேரனுக்குக் காதுகுத்து, நம் செட்டுதான். இடது பாக்ஸில் சத்தம் போதவில்லை என்று ஆம்ப்ளிஃபயரில் இடது திருகை ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் இருந்த சனமெல்லாம் எழுந்து வலப்பக்கம் போய்விட்டது. பாவம், பாட்டுக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஏற்றினேன். பொன்னாயி அக்கா ஓடி வந்து, "ஏன் ராசு, கொழந்தைக்குத்தான காது குத்தறோம், எங்களுக்குமா?" என்றது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சேலத்துக்குப் போனாய். போனது போகட்டும், இந்த லினக்ஸையாவது சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன் (இன்னும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்),
ராசு


சேலம்
10.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அருணா எழுதிக்கொண்டது. ஐந்து மாதத்தில் முதல் கடிதம், அதிலும் லினக்ஸைத்தான் நலம் விசாரித்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம்.

முதலில் லினக்ஸ். கறுப்புத் திரையைத் திறந்து 'ஆல்சாமிக்ஸர்' என்று தட்டுங்கள். எழுத்துகளைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒற்றைப் பட்டைதான் வரும், பயப்பட வேண்டாம். எஃப் ஆறை அழுத்தி சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்தால் வரிசையாகப் பட்டைகள் நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு எழுத்து, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. 'ஓ' என்றால் வழி திறந்திருக்கிறது. 'எம்' என்றால் வாயைக் கட்டியிருக்கிறது. இடதில் 'எம்' இருந்தால் எடுத்துவிடுங்கள். 'பி' எழுத்தைத் தட்டினால் இரண்டு பக்கமும் சமமாகும். பிறகு தாளில் இரண்டாவதாக உள்ள கட்டளையைத் தட்டுங்கள். ஒரு பெண் குரல் 'ஃப்ரண்ட் லெஃப்ட்' என்று இடதிலும், 'ஃப்ரண்ட் ரைட்' என்று வலதிலும் சொல்லும்.

இனி நம் விஷயம். நான் கேட்காமலா போனேன்? ஆவணியில் காளப்பநாயக்கன்பட்டிக்கு வண்டியில் மலை இறங்கிக்கொண்டிருந்தோம். கொண்டை ஊசி வளைவில், பின்னால் உட்கார்ந்தபடி கேட்டேன்: "மாமா, காலேஜ் லேப்ல வேலை கெடச்சிருக்குதுங்க. போகட்டுங்களா, வேண்டாங்களா?" நீங்கள் வாய் திறக்கவில்லை. அடுத்த வளைவிலும் கேட்டேன். ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினீர்கள். வீட்டிலும் அப்போதெல்லாம் நான் பேசப் பேசச் சுவர் மாதிரிதானே இருந்தீர்கள்? எனக்கும் ரோஷம் உண்டு, கிளம்பிவிட்டேன்.

வேலையை நிரந்தரம் செய்கிறார்களாம். மூன்று வருடம் இருக்கச் சம்மதமா என்று மாசி பிறப்பதற்குள் சொல்ல வேண்டும். சம்மதித்தால் ஹாஸ்டலை விட்டு இங்கேயே தனியாக வீடு பார்த்துவிடுவேன். அங்கே யாருக்காகத் திரும்பி வருவது என்றும் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அருணா


அரியூர் நாடு
17.1.2025

அருணா கண்ணு,

பொங்கலுக்கு நீ இல்லாமல் பொங்கல் அடிப்பிடித்தது. வைத்தது நான்.

ஆல்சாமிக்ஸர் வந்தது. நம் ஆம்ப்ளிஃபயரையே படம் வரைந்த மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடித்துப்போனது. எல்லாப் பட்டையின் அடியிலும் 'ஓ'தான், ஒரு 'எம்'கூட இல்லை. 'பி'யும் தட்டினேன். அந்தப் பொம்பளையையும் பேசவிட்டேன். வலதில் கணீரென்று சொல்கிறாள். இடதில் கிணற்றுக்குள் இருந்து முனகுகிறாள்.

நீ வண்டியில் கேட்டதாக எழுதியிருக்கிறாய். அரப்பளீஸ்வரர் சத்தியமாக எனக்கு அப்படி ஒன்றும் தெரியாது. நீ கேட்டு நான் பதில் சொல்லாமல் இருப்பேனா? ஒருநாள் விடிந்து பார்த்தால் பையைக் கட்டி வைத்திருந்தாய். கேட்கக்கூடத் தோன்றாத அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருடம் என்று படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

மாசி மகத்துக்கு எடப்புளி நாட்டில் ஒரு கல்யாணம் பேசியிருக்கிறார்கள். அதற்குள் அந்த இடது பக்கத்துக்கு வழி சொல்.

ராசு


சேலம்
22.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரே ஒரு வேலை. ஹெட்போனைத் திருப்பி மாட்டுங்கள், இடது கிண்ணம் வலது காதுக்கு, வலது கிண்ணம் இடது காதுக்கு. அந்தப் பெண்ணை மறுபடி பேசவிடுங்கள். எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று அப்படியே எழுதுங்கள். பிறகு பக்கத்து ஊட்டுப் பாப்பாயி சின்னம்மாவுக்கும் மாட்டிக் கேளுங்கள்.

சீக்கிரம் எழுதுங்கள்.

அருணா


அரியூர் நாடு
27.1.2025

அருணா கண்ணு,

உன் லினக்ஸ் என்னோடு விளையாடுகிறது. திருப்பி மாட்டினால், இத்தனை நாள் முனகிய 'லெஃப்ட்' கணீரென்று கேட்கிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த 'ரைட்' முனகுகிறது! உடனே சின்னம்மாவைக் கூப்பிட்டு மாட்டிவிட்டேன். அது மரவள்ளிக் கிழங்கை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் நல்லாத்தான பேசறா சாமி. யாரு இவ, அருணாவுக்குத் தெரியுமா?" என்கிறது. திருப்பி மாட்டியும் பார்த்தேன், அப்போதும் ரெண்டு பக்கமும் கேட்கிறதாம்.

எனக்கு மாத்திரம் ஏன் இப்படி? லினக்ஸுக்கு என் மேல் என்ன கோபம்? நீ எதுவும் சொல்லி வைத்தாயா?

ராசு


சேலம்
31.1.2025

என் மாமாவுக்கு,

லினக்ஸுக்கு உங்கள் மேல் ஒரு கோபமும் இல்லை. சவுண்ட் கார்டு நன்றாக இருக்கிறது. வயர் நன்றாக இருக்கிறது. பாக்ஸும் நன்றாக இருக்கிறது. உங்கள் இடது காதுதான் கேட்கவில்லை மாமா.

ஆடி நோம்பியில் ஒவ்வொரு பாக்ஸிலும் இடது காதை ஒட்டவைத்து, "ம், பேசுது" என்பீர்களே. எத்தனை வருடமாக அப்படிச் செய்கிறீர்கள்! அது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. உங்களுக்கே தெரியவில்லை. போனைக்கூட வலது காதில்தானே வைப்பீர்கள்.

உங்கள் கடிதத்தை லேபிலேயே படித்தேன். வண்டியில் நான் எப்படி உட்காருவேன்? காலை இடப்பக்கம் போட்டு, ஒருக்களித்து. நான் பேசினால் எந்தக் காதில் விழும்? லேப் பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன். "மேடம், என்னாச்சுங்க?" என்று ஓடி வந்தார்கள். சவுண்ட் டெஸ்ட் செய்தேன் என்றேன்.

சுவர் என்று எழுதினேனே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். வீட்டிலும் கட்டிலில் எனக்கு உங்கள் இடப்பக்கம்தான் இடம். உம்மென்று இருக்கிறார் என்று நான் எத்தனை நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்!

இங்கே காது டாக்டர் இருக்கிறார். உடனே வாருங்கள். இனிமேல் பாக்ஸில் காதை வைத்தால் நடப்பதே வேறு.

அன்றைக்குக் கேட்டதை இப்போது எழுத்தில் கேட்கிறேன். மாமா, நான் இந்த வேலைக்குப் போகட்டுங்களா, வேண்டாங்களா?

உங்கள்
அருணா


அரியூர் நாடு
4.2.2025

அருணா கண்ணு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். சோதித்தும் பார்த்தேன், வலது காதைப் பொத்திக்கொண்டு சின்னம்மாவைத் திட்டச் சொன்னேன். அது ஆசை தீரத் திட்டியது. வாய் அசைந்ததே தவிர ஒன்றும் விழவில்லை. கையை எடுத்தபோது, "நான் சொல்லல?" என்று முடித்துக்கொண்டிருந்தது.

பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நீ என்னைக் கேட்டுத்தான் போயிருக்கிறாய். அதைப் படித்த பிறகு காது வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று இருக்கிறது. இடது திருகையும் இறக்கிவிட்டேன். பொன்னாயி அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு நீ குடிச்சிருந்தன்னு நெனச்சேன் சாமி" என்றது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வாரேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வீடும் பார்ப்போம். தனி வீடு வேண்டாம், இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி பார்த்து வை. மாடி வேண்டவே வேண்டாம், பாக்ஸைத் தூக்கி ஏற்ற என்னால் ஆகாது. மிளகு நேரத்திலும் விசேஷத்துக்கும் நான் மலைக்கு வருவேன், மற்ற நாள் உன்னோடு.

வண்டியில் நீ கேட்டது அன்றைக்கே என் காதில் விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதையே இப்போதும் சொல்கிறேன்.

போயிட்டு வா கண்ணு.

இனி உன்னை வலப்பக்கம் வைத்துக்கொள்ளும்
ராசு