தவிட்டில் பூத்த படிகம்

ஜனவரி 16

பனி இன்றும் விட்டபாடில்லை. ஆய்வகத்தில் தகாயுகி மட்டும் துள்ளிக்கொண்டிருக்கிறான். மண்ணில் மக்கும் எங்கள் பாலியெஸ்டருக்கு இருக்கும் ஒரே வியாதி சோம்பேறித்தனம். உருக்கி அச்சில் ஊற்றினால், படிகம் கட்டி இறுகுவதற்குள் தொழிற்சாலைக்காரனுக்குத் தலை நரைத்துவிடும். இவன் அப்பாவின் அரிசி ஆலையிலிருந்து தவிடு கொண்டுவந்து ஒரு சிட்டிகை கலந்தான். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கப் பார்க்கப் படிகம் பூத்துத் தள்ளுகிறது. அதை நம்பித்தான் அவனுக்கு மார்ச்சில் பட்டம், சப்போரோவில் வேலை. ஏப்ரலில் நகராட்சி அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிந்துகொண்டு இருவரும் கிளம்ப வேண்டியது. வீடுகூடப் பார்த்தாயிற்று.

"அப்பாவோட தவிடு நமக்குச் சோறு போடப்போகுது, மினோரி" என்கிறான். லூசு.

ஜனவரி 20

வேலையே ஓடவில்லை. திரைச்சீலைக்கு என்ன நிறம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 23

எதற்கு இந்த வேலை பார்த்தேன்?

அவனுக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று, தவிடு கலக்காத சாம்பிளை அவன் உருக்கும் அதே சூட்டில் உருக்கி ஆறவிட்டேன். அதுவும் அதே வேகத்தில் பூக்கிறது!

அப்புறம்தான் புரிந்தது. தவிடு கருகிவிடுமே என்று பயந்து, தவிட்டுச் சாம்பிளை மட்டும் பத்து டிகிரி குறைத்து உருக்கியிருக்கிறான். அந்தச் சூட்டில் பழைய படிகம் முழுசாக உருகாது. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் மிஞ்சும். ஆறும்போது அதைப் பிடித்துக்கொண்டு எல்லாம் சட்டென்று இறுகிவிடும். சூட்டை ஏற்றித் தவிட்டுச் சாம்பிளையும் பார்த்தேன். லேசாகக் கருகியது, அவ்வளவுதான். மற்றபடி ஆமை வேகம். தவிட்டுக்கு இதில் பங்கே இல்லை.

என் கை தப்பு பண்ணியிருக்கட்டும்.

ஜனவரி 24

மறுபடி செய்தேன். அதேதான்.

ஜனவரி 26

சொல்லிவிட்டேன். கூட்டத்தில் நாலு பேர் முன்னால் ஒருவரை மடக்குவது இங்கே மரியாதை இல்லை; எதுவானாலும் முன்கூட்டியே காதில் போட்டுவிட வேண்டும். அதனால் சாப்பிட உட்கார்ந்தபோது போட்டேன். அவன் வாதாடவே இல்லை. குழம்பில் கிடந்த முள்ளங்கித் துண்டைக் குச்சியால் குத்திக்கொண்டே இருந்தான்.

"வெள்ளிக்கிழமை கூட்டம் முடியட்டும். வேலை கைக்கு வரட்டும். அப்புறம் நானே திருத்திடறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்."

சரி என்று தலையாட்டினேன். கட்டிக்கொள்ளப்போகிறவள் வேறென்ன செய்வாள்?

ஜனவரி 30

எப்படி எழுதுவது—

குரோய்வா பேராசிரியர் எல்லாம் கேட்டு முடித்து, தவிடு கலக்காததையும் இதே சூட்டில் உருக்கிப் பார்த்தாயிற்றா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தகாயுகி தரையைப் பார்த்துக்கொண்டு, பார்த்தாச்சு சார், அது மெதுவாத்தான் இறுகுது என்றான். பொய். அவன் வாயில் பொய்யை நான் கேட்டதே இல்லை. அதோடு விட்டிருக்கலாம் இல்லையா அந்த மனுஷன்? என் பக்கம் திரும்பினார்.

"இந்த வாரம் பூரா மைக்ரோஸ்கோப்புல நீதானே உட்கார்ந்திருந்தே. நீ பார்த்தியாம்மா?"

பார்த்தேன் சார் என்றேன். என்ன பார்த்தாய் என்றார். சொன்னேன்.

யாரும் திட்டவில்லை. சரி, அடுத்த ஆள் என்றார். தகாயுகி காகிதங்களை ஒழுங்காக அடுக்கி, எல்லாருக்கும் தலை குனிந்துவிட்டு வெளியே போனான். எனக்கும் சேர்த்துத்தான் குனிந்தான், வேற்றாளுக்குக் குனிகிற மாதிரி.

பிப்ரவரி 3

இன்று வீட்டுக்கு வீடு பேயை விரட்ட சோயாப் பயறு வீசிவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். நான் ஒருத்தி மட்டும் திறந்துபோட்டு உட்கார்ந்திருக்கிறேன். போன் எடுக்கமாட்டேன் என்கிறான்.

பிப்ரவரி 11

வந்தான். என் வீட்டுச் சாவியைக் கொடுக்க. ஷூவைக்கூடக் கழற்றவில்லை. வேலைக்கு வரவில்லை என்று சப்போரோவுக்கு அவனே எழுதிப் போட்டுவிட்டானாம், பட்டமும் வேண்டாமாம், அப்பாவோடு ஆலையைப் பார்க்கப்போகிறானாம். நானும் வருகிறேன், மூட்டை தூக்குகிறேன் என்றேன். வெட்கத்தை விட்டுத்தான் சொன்னேன்.

"நீ சொன்னது சரி, மினோரி. தப்பா இருந்திருந்தா சண்டை போட்டு ஆறிப்போயிருப்பேன். சரியா இருக்கு. அதான் உன் முகத்தைப் பார்க்க முடியல."

அடப்பாவி. திட்டிவிட்டாவது போயிருக்கக்கூடாதா?

பிப்ரவரி 12

அந்த நிமிஷம் திரும்ப வந்தாலும் அதையேதான் சொல்வேன். அதுதான் தாங்கமுடியவில்லை.

மார்ச் 25

பட்டமளிப்பு முடிந்தது. ஆய்வக வாசலில் எங்கள் பெயர் எழுதிய காந்தத் துண்டுகள் ஒட்டும் பலகை இருக்கிறது. வந்தால் 'உள்ளே', கிளம்பினால் 'வீட்டுக்குப் போயாச்சு' என்று அவரவர் நகர்த்திக்கொள்ள வேண்டும். தகாயுகியின் பெயர் அந்த வெள்ளிக்கிழமை அவன் நகர்த்திய இடத்திலேயே இருந்தது. அவ்வளவு இடிந்துபோன நேரத்திலும் நகர்த்திவிட்டுத்தான் போயிருக்கிறான். அதற்கப்புறம் யாரும் தொடவில்லை.

ஏப்ரலில் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள், பலகையில் இடம் வேண்டும், எடுத்துடலாமாம்மா என்று அலுவலக அம்மா என்னிடம் வந்து கேட்டார். எடுத்துடுங்க என்றேன்.

அவருக்குக் கை எட்டவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.