கொழும்புக்குப் போன வெள்ளைப் பூ

முறம் ஒன்றையே ஆயுதமாய் ஏந்தி என்னைத் தெருத்தெருவாய் விரட்டியவளே, உன் ஒரே அதட்டலில் செஞ்சிக் கோட்டைக் குரங்குப் படை முழுவதும் பின்வாங்கக் கண்ட பேரரசியே, என் அக்காவே,

நலமா என்று கேட்பது முறையா, தெரியவில்லை. நீ போன இடத்திலிருந்து யாரும் பதில் போட்டதாக ஊரில் பேச்சில்லை. ஆனாலும் உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும், ஒன்று கேட்கவும் வேண்டும். நேரிலேயே சொல்லலாம்தான். நீ இந்த வீட்டில்தான் இருக்கிறாய் என்று உன் வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்குத்தான் தைரியம் இல்லை. அதனால் ஊரே படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். நாலு பேர் கூட இருந்தால் பயம் குறையும் அல்லவா?

முதலில் சேதி. மச்சான் கொழும்பில் இருக்கிறார். நம்ப மாட்டாய். திண்டிவனம் தாண்டினால் தலை சுற்றும் என்பவர், கடலைத் தாண்டிப் போயிருக்கிறார். எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். மைக் செட் வைத்துப் பிழைக்கிறவன் வாய், கொஞ்சம் பெரிதாக்கித்தான் சொல்லும். ஆனால் பயந்த இடங்களில் மட்டும் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

நீ போன ஐப்பசி மழையில் கோட்டை மலைகள் மூன்றும் கரைந்து வங்கக் கடலில் கலந்துவிடும் என்று நினைத்தேன். மலைகள் அப்படியே நின்றன. கரைந்தது மச்சான்தான். இப்போதெல்லாம் சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா, சட்டை மட்டும் கொடியில் காய்கிறதா என்று கிட்டே போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மத்தியானம் இரண்டு தட்டு வைக்கிறார். கதவைத் திறந்தே வைக்கிறார். எதிர்த் தட்டில் இருப்பது தீர்கிறவரை தன் சோற்றில் கை வைப்பதில்லை. அது எப்போது தீரும்? அவர் எப்போது சாப்பிடுவார்?

ஒரு நாள் உச்சி வெயிலில், உன் வீட்டில் போட்டு வைத்திருந்த மைக் செட் ஒயரை எடுக்க வந்தேன். கானலில் மலைப் பாறைகள் எல்லாம் இடம் மாறி உட்காருவது போல இருந்தது. தெருவில் நாய்கூட இல்லை. சமையல்கட்டில் மச்சான் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த மாடு இன்னும் சென புடிக்கல." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "இல்ல, டாக்டரு ஊசி போட்டுட்டுதான் போனாரு." மறுபடியும் சும்மா.

தனியாய் இருப்பவர்கள் பேசுவார்கள், இதில் என்ன இருக்கிறது என்று ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அடுத்து, "நேத்து உன் தம்பி" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "சரி சரி, நீயே சொல்லி முடி" என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சிரித்தார்.

என்னைப் பற்றி என்ன சொன்னாய், அக்கா?

தேன்மொழி பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்தபோது அப்பாவைப் பார்த்துவிட்டு என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "மாமா, நைனா கொஞ்சம் கொஞ்சமா அம்மா பக்கமே போய்க்கினு இருக்காரு. இப்புடியே வுட்டா இந்த வருசம் தாண்ட மாட்டாரு." உன் மகள் அழவில்லை. ஆபீசில் கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். அதுதான் எனக்குக் கலக்கமாகிவிட்டது. அம்மாவையும் கொடுத்துவிட்டு அப்பாவையும் கொடுக்க அவளுக்கு என்ன, வீட்டில் அடுக்கியா வைத்திருக்கிறாள்?

சனி, ஞாயிறோடு முன்னும் பின்னும் விடுமுறை சேர்ந்து வருகிறது, அந்த நாலு நாளாவது நைனாவை இந்த வீட்டை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள். உள்ளூர் என்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவார். அதனால் வெளிநாடு. போன மாதம் கைப்பேசியோடு மச்சான் எதிரில் உட்கார்ந்தாள்.

"சிங்கப்பூர் போலாம் நைனா. ரோடெல்லாம் கண்ணாடி மாரி இருக்கும்."

"கண்ணாடில எப்புடிம்மா நடக்கறது? வழுக்காது?"

"அப்ப பாங்காக்?"

நான் தொண்டையைச் செருமினேன். "பாங்காக் ரொம்ப நல்ல ஊருன்னு சொல்லிக்கிறாங்க."

"உன்ன யாரும் கூப்புடல மாமா. நைனா, கொழும்பு? மெட்ராஸ்ல ஏறுனா பெல்ட்டு மாட்டிக் கழட்டறதுக்குள்ள எறங்கிடலாம். தமிழ்ல பேசலாம். சோறு கெடைக்கும்."

"எல்லாம் நல்ல ஊருதாம்மா. ஊட்ட வுட்டுட்டு எப்புடி வர்றது? மத்தியானம் உங்கம்மா வந்தா யாரு இருப்பா?"

பால்காரர் வந்தால் யார் பால் வாங்குவது என்று கேட்பது போலக் கேட்டார். தேன்மொழி கைப்பேசியில் விலை பார்த்தாள். எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு என்று போட்டாள். அடுத்த பக்கம் போனால் மூன்று என்று இருந்தது. திரும்ப வந்து மாற்றினாள். மறுபடியும் மூன்று.

"அம்மா இருந்தப்ப ஒருதரம் மூணு பேருக்குப் பாத்தேன். அதையே ஞாபகம் வச்சிக்கினு இருக்குது" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

மச்சான் எட்டிப் பார்த்தார். "கரெக்டாதான காட்டுது" என்றார்.

அதற்கப்புறம் அவளே சொன்னாள்: "சரி. அம்மாவையே கேட்டுடுவோம்."

இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம், புருஷனுக்கு முன்னால் பூவும் பொட்டுமாய்ப் போகிற பெண் அந்த வீட்டின் பூவாடைக்காரி. நல்ல காரியம் எது என்றாலும் முதலில் கிணற்றடிக்குப் போய் அவளைச் செம்புத் தண்ணீரில் அழைத்து வர வேண்டும். புதுப் புடவை வைத்துப் படைத்து உத்தரவு கேட்க வேண்டும். கல்யாணத்துக்குக் கேட்பார்கள், காதுகுத்துக்குக் கேட்பார்கள். சிங்கப்பூரா, கொழும்பா, பாங்காக்கா என்று பூவாடைக்காரியைக் கேட்ட ஒரே குடும்பம் பதினாலு லோகத்திலும் நாமாகத்தான் இருப்போம்.

தளவானூர் ரோட்டில் நம் கிணற்றுக்குப் போனோம். பம்பை மேளம் அடிக்க ஆள் கிடைக்கவில்லை. மைக் செட்டில் பம்பைச் சத்தத்தை ஓடவிட்டேன். கேட்டு எட்டு ஊர்க் கோழிகள் சாமியாடியிருக்கும். செம்பைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். இழுக்கும்போது கனத்தது. ஒரு செம்புத் தண்ணீர் அப்படிக் கனக்காது, அக்கா. மச்சானும் கை கொடுத்தார். மேலே வந்ததும் பார்த்தால் எப்போதும் போல அதே செம்புதான். மச்சான் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வெயிலில் எங்கள் நிழல் காலடிக்குள் சுருண்டு கிடந்தது. அவருடையது மட்டும் ஒரு முழம் அதிகமாய் இருந்தது போலப்பட்டது. நான் நிழலைப் பார்ப்பதை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நடந்தேன். இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தேன்.

படைத்து முடித்ததும் பூ கட்டிப் போட்டோம். சிங்கப்பூருக்குச் சிவப்பு அரளி, பாங்காக்குக்கு மஞ்சள் சாமந்தி, கொழும்புக்கு வெள்ளை நந்தியாவட்டை. வாழையிலைத் துண்டில் வைத்து நாரால் கட்டியவன் நான். மூன்று பொட்டலமும் என் கண்முன்னால்தான் இருந்தன. மச்சான் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். தேன்மொழி பிரித்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. இலை மட்டும் ஈரமாய் இருந்தது.

"மாமா, உன் வேலதான?" என்றாள்.

"உங்கம்மா மேல சத்தியமா இல்லடி."

மற்ற இரண்டையும் பிரித்தோம். சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது. வெள்ளையைக் காணோம். புடவையை உதறினோம், செம்பைக் கவிழ்த்தோம், என் சட்டைப் பையைக்கூடச் சோதனை போட்டார்கள். இன்று வரை கிடைக்கவில்லை.

மச்சான் முகம் தெளிந்துவிட்டது. "வேணாம்னு சொல்றதுக்கு ஒரு பொட்டலம் கட்டுனியா மாப்ள?"

நான் கட்டவில்லை. பூ கட்டிப் பார்க்கிறவர்கள் வேண்டாம் என்பதற்கு ஒன்று தனியாகக் கட்டுவார்கள், குழந்தைக்கும் தெரியும். நாங்கள் மூவரும் எந்த ஊர், எந்த ஊர் என்று கேட்கிற மும்முரத்தில், போகலாமா என்று உன்னைக் கேட்கவே இல்லை.

"அதான் அவளே கட்டிக்கினா. வேணாம்ங்கறா" என்றார் மச்சான்.

"இல்ல நைனா. வெள்ளதான காணோம்? கொழும்புப் பூவ அம்மா எடுத்துக்கினாங்க. அங்க போங்கன்னு அர்த்தம்."

அப்பாவும் மகளும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மூன்றாவதாக ஒன்று தோன்றியிருந்தது, அதை வாயில் எடுக்கவில்லை. பூவை எடுத்துக்கொண்டது சம்மதத்துக்கா? இல்லை, உனக்கும் ஒரு டிக்கெட்டா? கூடவே போய், அந்தப் பக்கமாகவே அவரை அழைத்துக்கொண்டு போய்விடுவாயோ?

மச்சான் எழுந்து தட்டு வைக்கப் போனார். தேன்மொழி செம்பு எதிரிலேயே தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டாள். அவள் முதுகைப் பார்த்ததும் என் வாய் தானாகவே திறந்துகொண்டது.

"நீ போய்ட்டு வா மச்சான். மத்தியானம் அக்கா வந்தா நான் இருக்கேன்."

"நீயா? தெரு வெளக்கு அணஞ்சாலே தெறிச்சி ஓடுறவனாச்சே?"

"பயந்துக்கினேதான் இருப்பேன். ஆனா இருப்பேன்."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பிறகு, மாட்டுக்குத் தீவனம் வைக்கச் சொல்லித் தருவது போலச் சொல்லித் தந்தார். ரசத்துக்கு உப்பு தூக்கலாய் இருக்க வேண்டும். நான் சுவர்ப் பக்கம் உட்கார வேண்டும், வாசல் பக்கம் உனக்கு. நீ பேசும்போது நான் குறுக்கே பேசக் கூடாது. எல்லாம் சொல்லிவிட்டு மகளிடம், "இருக்கறதுலயே கிட்ட இருக்கற ஊரு எது?" என்று கேட்டார். அப்படித்தான் கொழும்பு முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை விமானம் ஏறினார்கள். நேற்று தேன்மொழி போன் செய்தாள். கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் சாப்பிடப் போயிருக்கிறார்கள். எத்தனை பேர் என்று கடைக்காரர் கேட்டாராம். அவள் வாயைத் திறப்பதற்குள் மச்சானே, "ரெண்டு பேரு" என்றாராம். இடியாப்பத்தைத் தட்டு தட்டாய் உள்ளே தள்ளினாராம். போனில் அவள் அழுத அழுகையில் இலங்கைக் கடல் ஒரு சாண் ஏறியிருக்கும்.

நானும் சந்தோஷத்தில் துள்ளினேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அங்கே இரண்டு பேர் என்றால், நீ அவர் கூடப் போகவில்லை. இங்கேதான் இருக்கிறாய்.

இன்று ஞாயிறு, உச்சிப் பொழுது. கரண்ட் இல்லை, மின்விசிறி நின்று கிடக்கிறது. வெளியே ஓர் இலை அசையவில்லை. சுவர்ப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு தட்டிலும் சுடுசோறு போட்டிருக்கிறேன். என் தட்டில் ஆவி நேராக எழுகிறது. உன் தட்டில் மட்டும் ஆவி சாய்ந்து சாய்ந்து போகிறது, யாரோ குனிந்து ஊதி ஆற்றுவது போல. முன்பே சொன்னேன், பயந்த இடத்தில் ஒரு சொல்லும் கூட்டுவதில்லை.

சாப்பிடு அக்கா. நான் எங்கேயும் ஓடவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இதைக் கேள்.

நாளை மச்சான் வருகிறார். வருகிறவர் எங்களோடு இருந்து சாப்பிடட்டும். அவர் உன்னைத் தேடுகிறாரா, நீ அவரைத் தேடுகிறாயா, எனக்குத் தெரியாது. தெரிந்து தீர்ப்பு சொல்ல நான் யார்? ஆனால் தேன்மொழி இன்னும் கல்யாணம் ஆகாத பெண். மணவறையில் உன் இடத்தில் செம்பு வைக்கிறோம். அவர் இடத்திலும் செம்பு வைக்கச் சொல்லாதே.

சத்தியம் செய்து தருகிறேன். ஒவ்வொரு ஆண்டும் கிணற்றடிக்கு வருவேன். மைக் செட் இல்லை, அசல் பம்பைக்காரர்களையே கூட்டி வருவேன். புதுப் புடவை, பூ, உப்பு தூக்கலான ரசம், எல்லாம் வைத்து உன்னை ஊரறிய வீட்டுக்கு அழைப்பேன். என் கால் நடக்கிறவரை இது தவறாது.

அழைக்காத நாளில் மட்டும் வராதே, அக்கா.

இப்படிக்கு,
உன் எதிரில் உட்கார்ந்திருக்கும்,
உன் கூடப்பிறந்த தம்பி